ஒரே நாகன் என்ற அரசாணை

முன்னொரு காலத்தில் மருதவளநாட்டை முத்துவிசயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருத்தனை யானைமேல் ஏற்றுவான். மாலையில் அதே ஆளைக் கழுதைமேல் ஏற்றுவான். ஏனென்று கேட்டால், "தோன்றியது, செய்தோம்" என்பான்.

அந்த நாட்டில் கால் தடுக்கி விழுந்தால் ஒரு நாகன்மேல்தான் விழவேண்டும். அத்தனை நாகன்கள்! மருந்து நூல் எழுதியவர் ஒரு நாகன். நட்சத்திரக் கணக்கு எழுதியவர் ஒரு நாகன். ஏரிக்குக் கரை போடுவதும் மதகு வைப்பதும் எப்படி என்று எழுதியவர் இன்னொரு நாகன்.

ஒருநாள் ராஜா, "இந்த நூல்களை எழுதிய நாகனாருக்குச் சிலை வைக்கப்போகிறோம். அவர் வம்சத்தார் யாரேனும் உண்டா?" என்று கேட்டான்.

தலைமைப் புலவர் கீர்த்திவாகனர் எழுந்தார். அடுத்தவன் புகழைக் கேட்டால் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. "அரசே, இந்த நூல்கள் எல்லாம் ஒரே நாகனார் எழுதியவை. அவர் அடியேனின் பாட்டனாருக்குப் பாட்டனார்."

"அப்படியா! செங்குளம் ஊரும் ஏரியும் இனி உமக்கே. ஏட்டில் இருந்தாலும் சரி, கல்லில் இருந்தாலும் சரி, நாகன் என்றால் அந்த ஒரே நாகனார்தான். மறுப்பவன் நாக்கை அறுப்போம்!"

செங்குளத்தில் உலகம்மை என்றொருத்தி இருந்தாள். நாற்பது வயது. ஏரி நூல் எழுதிய நாகன் அவளைப் பெற்ற அப்பன். செங்குளத்து ஏரியைக் கட்டியவனும் அவன்தான். அவன் சொல்லச் சொல்ல அவள்தான் ஓலையில் எழுதினாள். ஏட்டை அரண்மனைக்குக் கொண்டுபோனபோது, "பார்த்துச் சொல்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டவர் இதே கீர்த்திவாகனர். பதில் வருமுன்னே அப்பன் செத்துப்போனான்.

இப்போது புலவர் ஏரிக்கரையில் மாளிகை கட்டினார். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தளும்பவேண்டுமாம். மதகை அடைத்துப் பூட்டிவிட்டார். கீழே பால்பிடிக்கும் பருவத்து நெல் பதராகிக்கொண்டிருந்தது.

உலகம்மை போய்க் கேட்டாள். புலவர் மாடியிலிருந்து சிரித்தார். "உன் அப்பன் மண் சுமந்தவன். மண் சுமந்தவனுக்கு எதற்கம்மா ஏடு?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றிலிருந்து தீ ஏறியது. அப்படியே தலைநகருக்கு நடந்தாள். மூன்று நாள் நடந்தும் அந்தத் தீ ஒரு பொறிகூடத் தணியவில்லை.

சபையில் ராஜா அதட்டினான்: "ஆணையை மறுக்க வந்தாயோ?"

"இல்லை மகாராஜா. ஒத்துக்கொள்ள வந்தேன். புலவருக்கு வரவேண்டியதில் பாதிதான் வந்திருக்கிறது. மீதியையும் கொடுங்கள்."

அதற்குள் சபைக்குத் திரும்பியிருந்த கீர்த்திவாகனர் மீசையைத் தடவினார்.

"புலவரே, மருந்து நாகன்?" என்றாள் உலகம்மை.

"எம் முன்னோர்."

"நட்சத்திர நாகன்?"

"அவரேதான்."

"ஏரி நாகன்?"

"சந்தேகமென்ன? எல்லாம் ஒருவரே!"

"அப்படியானால் வடக்குக் கோட்டை வாசலில் ஒரு கல் நிற்கிறது. அதையும் படிக்கச் சொல்லுங்கள், மகாராஜா."

ஊரறிந்த கல் அது. ராஜாவின் பாட்டனார் வெட்டிவைத்தது. அரண்மனை எழுத்தர் மனப்பாடமாகச் சொன்னார்: "பகைவனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட துரோகி நாகன். அவன் வழிவந்தவர் எவரும் இந்நாட்டில் நிலம் ஆளக்கூடாது. கண்டால் நாடு கடத்துக."

புலவரின் முகம் சுண்டிப்போனது.

"அரசே, அந்த நாகன் வேறு!"

"வேறா?" ராஜா அரியணையைவிட்டு எழுந்தான். "நாகன் ஒருவனே என்பது நம் ஆணை. உம் நாக்கு உமக்கு வேண்டாமா?"

"பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றாகிவிடுமா, அரசே? எந்த ஊர், எந்தக் காலம், யார் மகன் என்று பார்க்கவேண்டாமா?"

"பார்க்கவேண்டும்!" உலகம்மையின் குரல் தூண்களில் மோதியது. "எங்கப்பன் ஏட்டை வாங்கியபோது அதைப் பார்த்தாயா? அந்த ஏட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், மகாராஜா. பன்னிரண்டாம் ஓலை."

ஏடு வந்தது. எழுத்தர் வாசித்தார்: "முத்துவிசயர் முடிசூடிய நாளின் பெரும்புயலில் கரை உடைந்தது கண்டு, மதகைக் கல்லால் கட்டினேன்."

ராஜாவுக்கு அந்தப் புயல் மறக்குமா? வெண்கொற்றக் குடை பறந்து குளத்தில் விழுந்த நாளல்லவா!

"ஓய் புலவரே," என்றான். "உம் பாட்டனுக்குப் பாட்டன் எம் முடிசூட்டு விழாவுக்கு வந்திருந்தாரோ? படிக்காத நூலுக்கா பரம்பரை கொண்டாடினீர்? காவலா, வாளை எடு!"

கீர்த்திவாகனர் தடாலென்று தரையில் விழுந்தார்.

"நாக்கை அறுக்காதீர்கள்," என்றாள் உலகம்மை. "பொய் சொன்ன நாக்கே சந்தைக்குச் சந்தை போய் உண்மையைச் சொல்லட்டும். ஆனால் மகாராஜா, அவர் பொய் ஒரு வீட்டோடு நின்றிருக்கும். உங்கள் ஆணைதான் அதை நாடு முழுக்க நட்டது."

ராஜா மெல்ல அரியணையில் உட்கார்ந்தான். பிறகு, "வெட்கமாயிருக்கிறது," என்றான். "ஆணை ரத்து. நீ சொன்னபடியே புலவர் சந்தைக்குச் சந்தை போகட்டும். செங்குளம் உனக்கே. பொன்னால் சிலை—"

"சிலை தண்ணீர் விடாது. ஊர் ஊராருக்கே இருக்கட்டும். மதகுச் சாவியைக் கொடுங்கள். பயிர் காய்கிறது."

புலவரின் இடுப்பிலிருந்த சாவி அவள் கைக்கு வந்தது. எழுத்தர் ஏட்டின் முதல் ஓலையில் எழுத்தாணியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, ஆசிரியர் பெயரை முழுதாகச் சொல்லுங்கள்."

அதுவரை காய்ந்திருந்த அவள் கண் அப்போதுதான் நிறைந்தது. "செங்குளத்து ஒட்டன் சடையன் மகன் நாகன்," என்றாள். "எழுதியது அவன் மகள் உலகம்மை. அதையும் போடுங்கள். நாளைக்கு இன்னொரு உலகம்மை வருவாள். அவளையும் என்னையும் எவனாவது ஒன்றாக்கிவிடப்போகிறான்."

ராஜாவே தன் தேரைக் கொடுத்தனுப்பினான். மறுநாள் வெயில் ஏறுமுன் மதகு திறந்தது. முக்கால்வாசி நெல் பிழைத்தது. காய்ந்துபோன கால்வாசிக்காக, சாகும்வரை அவள் கீர்த்திவாகனரை மன்னிக்கவே இல்லை.