பத்து வாளி

"தாயே, இந்த ஜனங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் உறைக்கவே மாட்டேங்குது!"

வந்ததும் வராததுமாக வெடித்தார் ஆவுடையப்பன்.

வயது அறுபத்து நாலு. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடும் அந்தச் சின்ன மடத்தில், தன்னைவிட முப்பது வயது இளையவரான அமிர்தவல்லி அம்மாவைக் குருவாக ஏற்றுக்கொண்டு இருந்துவிட்டவர்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"என்ன சொன்னீங்க ஐயா?"

"தண்ணியை வீணாக்காதீங்கன்னுதான். போர்டு வெச்சேன். மைக்ல கத்தினேன். குழாயைத் திறந்துவிட்டுட்டு ஊர்க்கதை பேசுறாங்க! கிணத்துல இடுப்பளவுதான் கிடக்கு. தினம் ஒரு சாண் இறங்குது. நாலு நாள் தாங்கினா பெரிசு. பூசத்துக்கோ இன்னும் எட்டு நாள். அடுப்பை அணைச்சுட்டா நடந்து வர்ற சனம் எங்க போகும்?"

மனைவி போன துக்கத்தில் கால் போன போக்கில் நடந்து வந்த ஆவுடையப்பனை உட்காரவைத்துச் சோறு போட்டது அந்த அடுப்புதான்.

அம்மா எழுந்து போய் மோட்டார் ஃபியூஸை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்ன தாயே இது! மோட்டார் இல்லாம எப்படி?"

"நீங்க இருக்கீங்களே."

கயிற்றையும் வாளியையும் அவர் கையில் கொடுத்தார்.

"நாளையிலேர்ந்து யார் தண்ணி கேட்டாலும் இறைச்சுக் கொடுங்க. இல்லைன்னு சொல்லக் கூடாது. புத்தி சொல்லவும் கூடாது."

முதலாவதுகூடப் பரவாயில்லை. இரண்டாவதுதான் வாத்தியாருக்குப் பெரும்பாடு.

மறுநாள் விடிந்ததும் ராட்டினம் கிறீச்சிட ஆரம்பித்தது.

சமையல்கார மாசானம் குடத்தோடு வந்தாள். கேட்டதையெல்லாம் இறைத்துக் கொடுத்தார். ஆறாவது குடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் பார்த்தாள்.

"போதும்யா. அரிசி களைஞ்ச தண்ணியிலயே காயைக் கழுவிக்கிறேன். நான் என்ன மகாராணியா?"

பாதயாத்திரைக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கையை நீட்டினார். ஆவுடையப்பன் சொம்பைச் சாய்த்தார். வியர்வை சொட்டும் ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்ததும் கை நீட்டியவர் பதறிவிட்டார்.

"போதும் சாமி, போதும்! நாலு சொட்டு போதும்."

பின்னால் நின்றவர்களும் அப்படியே. இரண்டு பேர் கயிற்றைப் பிடுங்கித் தாங்களே இறைத்தார்கள். அட, நேற்றுவரை போர்டுக்குக் கீழேயே குழாயைத் திறந்துவிட்ட அதே மாதிரி சனம்தான்!

சாயங்காலம் ஒரு பச்சை வேட்டிக்காரர் வந்தார். வாளித் தண்ணீரை அப்படியே காலில் கவிழ்த்துக்கொண்டார்.

"இன்னொண்ணு கொடுங்க பெரியவரே. கால் எரியுது."

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். அதுவும் காலுக்கே போனது. ரத்தம் கொதித்தது. ஒரு வார்த்தை பேச முடியாதே! பேசினால் குருவின் சொல் போச்சு.

கோபம் வந்தால் தலைமுழுகுவது அவருடைய முப்பது வருஷ விரதம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் கண்மண் தெரியாமல் அடித்துவிட்டு, அன்றைக்குப் பிரம்பை ஒடித்துப் போட்டு எடுத்துக்கொண்டது. பத்து வாளி தலையில் ஊற்றாமல் அவருக்குக் கோபம் இறங்காது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். எட்டிப் பார்த்தார். நாளெல்லாம் இறைத்தும் தண்ணீர் இரண்டு விரல்கடைதான் இறங்கியிருந்தது.

ஒரு வாளி இறைத்தார். இன்னொன்று.

மூன்றாவதில் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தது. இன்னும் ஏழு வாளி. ஒரு குளியலுக்கு.

கயிறு கையிலேயே நின்றது.

நேற்று எத்தனை தடவை குளித்தோம்? காலையில் குழாயடியில் கத்திவிட்டு ஒன்று. மதியம் பந்தியில் சண்டை போட்டுவிட்டு ஒன்று. மைக்கில் பேசியதை யாரோ கிண்டலடித்ததற்கு ஒன்று. அதன் பிறகும் இரண்டு.

கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா வந்தார்.

"குளிக்கலையா ஐயா?"

அவரால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நேத்து அஞ்சு தடவை குளிச்சேன் தாயே."

"தெரியும். என் ஜன்னலுக்குப் பின்னாலதானே குளிக்கிறீங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

ஆவுடையப்பன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"கோபப்பட்டிருப்பேன்."

"அப்புறம்?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"குளிச்சிருப்பேன்" என்றார்.

பிறகு எழுந்து, இறைத்து வைத்திருந்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் நடந்தார்.

"மாசானம், உலைக்குத் தண்ணி வேணுமாம்மா?"