கேட்டமரானும் கயிறும்

முன்னொரு காலத்தில் என்றெல்லாம் இல்லை, போன வருஷம்தான். ஒரு கடற்கரையில் கயிறு ஒன்று இருந்தது. கஸ்பார் என்ற மீனவனின் கட்டுமரத்தைக் கட்டுகிற கயிறு. கொஞ்சம் முன்கோபி.

கடலிலிருந்து திரும்பியதும் கஸ்பார் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவான். ஈரம் ஊறினால் மரம் கனத்துப்போகும். அன்றும் அப்படித்தான் கிடந்தன.

பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் படகு வந்து நின்றது. ஓட்டல்காரர்கள் வாங்கியது. இரட்டை உடம்பு, மெத்தை, மோட்டார். விலாவில் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று கொட்டை எழுத்து.

"இந்த விறகை இன்னும் அள்ளவில்லையா? எனக்கு இடம் வேண்டும்" என்றது படகு.

"விறகா? அது கட்டுமரம். உன் பெயரே அதிலிருந்து வந்ததுதான்" என்றது கயிறு.

படகு சிரித்தது. "இருக்கலாம். இன்று உலகத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் என்னைத்தான் நினைப்பார்கள். எனக்கு எதற்குக் கட்டு?"

கயிற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடல் தாண்டி வந்தவர்கள் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். சொன்னோம். வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு போனார்கள். போகட்டும். பெயர் கொடுத்தவனையே விறகு என்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை?"

அதற்குள் கரையைச் சுத்தம் செய்ய ஓட்டல் லாரி வந்துவிட்டது. "கரையில சும்மா கெடக்குற கட்டைய எல்லாம் ஏத்துங்கப்பா" என்றார் ஓட்டல் மேஸ்திரி.

கயிறு பதறியது. மரம் போனால் கஸ்பாருக்குப் பிழைப்பு இல்லை. தானும் வெறும் கயிறுதான்.

கஸ்பார் ஓடி வந்தான். "மேல கை படக்கூடாது, அண்ணாச்சி. இது எங்க மரம்."

"கட்டுமரம்னா நான் ஏன் தொடப்போறேன்? இது தனித்தனியாக் கெடக்கே. இத அள்ளத்தான் எனக்கு உத்தரவு."

"அப்படியா? கொஞ்சம் நில்லும்."

கஸ்பார் மரங்களைச் சேர்த்து வைத்தான். மனைவி அமலி கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். "நல்லா இழு, அமலி." கயிறு தன் பலத்தையெல்லாம் கூட்டி மரங்களை இறுக்கிக்கொண்டது. அதற்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

கஸ்பார் கட்டுமரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தான். "இப்ப எடும் பாப்போம்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். லாரி வெறுமனே திரும்பிப் போனது.

படகுக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கும் உன்னை அவிழ்ப்பார்கள்தானே?"

"அவிழ்ப்பார்கள். மறுபடியும் கட்டுவார்கள்" என்றது கயிறு. "நீ ஒரே ஒரு தரம் அவிழ்ந்து காட்டு, பார்க்கலாம்."