சோத்தாங்கையும் ரொட்டித்தூளும்

அறுபத்து மூன்று வயதில் சவரிமுத்து வாத்தியார் சிஷ்யர் ஆனார். குரு ரெஜினாவுக்கு முப்பத்தைந்துதான். இத்தாலியில், மிலான் நகரத்து வீடொன்றில் பத்து வருஷம் சமையல் செய்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியவள்.

வாத்தியார் கற்க வந்தது ஒரே ஒரு பண்டம். இத்தாலிக்காரர்களின் இறைச்சிக் கட்லெட். அந்த ஊரில் குடியிருக்கும் மகள் அமலி ஆறு வருஷம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வாத்தியார் இதுவரை முகம் பார்க்காத ஐந்து வயதுப் பேத்தியும் வருகிறாள். பேத்திக்கு உயிர் அந்தக் கட்லெட்.

அமலி போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். "எம் பிள்ளைய ஒரு சொல் சொன்னாலும் அன்னிக்கே கிளம்பிருவேன்ப்பா. அப்புறம் வரவே மாட்டேன்."

வகுப்பில் ஒரு பயலையும் 'ஏன்' என்று கேட்கவிடாமல் நாற்பது வருஷம் பாடம் நடத்திய மனிதர், ரெஜினாவின் அடுப்படியில் கால் வைத்ததிலிருந்து ஏன், ஏன் என்று அவளை அரித்தெடுத்தார். முதல் நாள் கட்லெட் என்ற சொல்லை நம்பி, உருளைக்கிழங்கை அவித்துத் தூக்குவாளியில் கொண்டுவந்துவிட்டார்.

"கிழங்க கொண்டு போய்க் குருமா வைங்க சார்," என்றாள் ரெஜினா. "அவங்க கட்லெட்டுல கிழங்கும் கிடையாது, கொத்துக்கறியும் கிடையாது. முழுத் துண்டுக் கறி."

"ஏன் அப்படி?"

"செஞ்சு பாருங்க, தெரியும்."

கோழியின் நெஞ்சுக்கறியை மெல்லிசாகக் கீறி, பூரிக்கட்டையால் தட்டினார்கள்.

"ஏன் டீச்சர் தட்டணும்?"

"ஒரே கனமா இருந்தாத்தான் ஒரே மாதிரி வேகும்."

மூன்று தட்டுகளை வரிசையாக வைத்தாள். ஒன்றில் மைதா, ஒன்றில் அடித்த முட்டை, ஒன்றில் ரொட்டித்தூள். இதே வரிசையில் புரட்டி எடுத்து வெண்ணெயில் பொரிக்க வேண்டியதுதான்.

வாத்தியார் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டார். வலது கை மட்டும் மூன்று தட்டிலும் இறங்கி ஏறியது. நான்காவது துண்டு முடிவதற்குள் ஐந்து விரலும் மாவும் முட்டையுமாகத் தடித்துவிட்டன. கறியிலோ தூள் அங்கங்கே பெயர்ந்து சொட்டை விழுந்திருந்தது.

"டீச்சர், தூள் கறியில ஒட்ட மாட்டேங்கு. என் விரல்லதான் ஒட்டுது. ஏன்?"

"அந்தக் கைக்கு என்ன சார் நோவு?"

"எந்தக் கைக்கு?"

"முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கே, அதுக்கு."

"அது பீச்சாங்கைல்லா! அத வச்சு யாராவது சாப்பாட்டத் தொடுவாங்களா?"

ரெஜினா குழாயைத் திறந்துவிட்டாள்.

"சரி சார். சோத்தாங்கையக் கழுவுங்க. பீச்சாங்கை படாம கழுவணும்."

இது என்ன பெரிய வித்தை என்று வாத்தியார் கையை நீட்டினார். விரலை விரலால் தேய்த்தார். பசை இடம் மாறியதே தவிர இறங்கவில்லை. தொட்டியின் விளிம்பில் தேய்த்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை அதுபாட்டுக்கு முன்னால் வந்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து உருவிக் கழுவிவிட்டது.

வாத்தியார் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மாவுக்கும் தூளுக்கும் வலது கை. முட்டைக்கு இடது கை," என்றாள் ரெஜினா. "ஒண்ணு காஞ்சே இருக்கணும், இன்னொண்ணு ஈரமாவே இருக்கணும்."

ஐந்தாவது துண்டில் சொட்டை இல்லை. அவள் அதை வாணலியில் போட்டாள். வெண்ணெய் நுரைத்தது.

"அமலிக்கு எல்லாமே இடது கைதான்," என்றார் வாத்தியார் திடீரென்று. "எழுதுறதும் அதுலதான், சாப்பிடுறதும் அதுலதான். பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைகளத் திருத்தியிருக்கேன், எம் மகள விட்டுருவேனா? அவ தலையில கட்டுற ரிப்பனாலேயே அந்தக் கைய நாற்காலியோட சேத்துக் கட்டிருவேன். சோறு தீந்தாத்தான் அவுத்து விடுவேன்."

ரெஜினா கட்லெட்டைத் திருப்பிப் போட்டாள்.

"பேத்திக்கும் இடது கைதானாம்."

அவள் அடுப்புத் தீயைக் குறைத்தாள்.

"'பீச்சாங்கைய எடு'ன்னு நாற்பது வருஷமாச் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு டீச்சர். பிள்ளை அந்தக் கைய நீட்டுனதும், எனக்குத் தெரியாமலே அந்தச் சொல்லு வந்துருமோன்னு பயமா இருக்கு. வந்துட்டா அமலி போயிருவா. அந்த நேரத்துல நான் என்னதான் சொல்லணும்?"

ரெஜினா பொன்னிறமாகப் பொரிந்த துண்டை எடுத்து, எலுமிச்சை பிழிந்து, தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"'சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடு'ன்னு சொல்லுங்க சார்."