தெரியாது என்று சொல்லாத சங்கு

முன்னொரு காலத்தில், கடலில் உப்புப் போட்டு முடித்த கொஞ்ச நாளைக்குப் பிறகு, அலைவாய்ப்பட்டினம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. கப்பலுக்கு வழி சொல்லக் கற்றுத்தருகிற கல்லூரி அங்கே இருந்தது. முகத்துவாரத்து மணல்திட்டு வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். அதனால் கடைசிப் பரீட்சை இதுதான்: இந்த வருஷம் கப்பல் எந்த வழியாக உள்ளே வரலாம் என்று ஓலையில் எழுத வேண்டும். எழுதியவர், தம் ஓலைப்படி வரும் முதல் கப்பலின் அணியத்தில், அதாவது அதன் மூக்கு நுனியில், நிற்க வேண்டும். கப்பல் முட்டினால் முதலில் உடைவது அவர் மூக்குத்தான்.

அந்த வருஷம் மூன்று பேர் எழுதினார்கள். வணிகர் மகன் சாத்தப்பன், மந்திரி மகன் கோவிந்தவர்மன், பாய்மரத்துக்குப் பாய் தைப்பவளின் மகள் நீலவேணி.

மீன்வலையில் வந்த சங்கு ஒன்றைச் சாத்தப்பன் கல்லூரிக்குக் கொண்டுவந்தான். காதில் வைத்தால் அது பேசும்.

"கேளு, சொல்றேன். கேக்காததையும் சேத்துச் சொல்றேன்."

சாத்தப்பன் வழி கேட்டான். "ஒத்தைப் பனைக்கு நேரா வா. வெள்ளைப் பாறைக்கு இடது பக்கம் திரும்பு. மூணு ஆள் ஆழம்" என்றது. அவன் ஓலை முடிந்தது. கோவிந்தவர்மன் கேட்டான். அதே பனை, அதே பாறை, அதே மூன்று ஆள் ஆழம். அவன் ஓலையும் முடிந்தது. இருவரும் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் பகலிலேயே குறட்டை விட்டார்கள்.

நீலவேணியும் கேட்டாள். ஏன் கேட்கக் கூடாது? ஆயிரம் கப்பல்களின் பேச்சைக் கேட்ட சங்கு அது. ஆனால் அந்த வருஷத்து முதல் கப்பலில் முந்நூறு பேரோடு அவள் அம்மாவும் வந்துகொண்டிருந்தாள். அதனால் அவள் கேட்டதோடு விடவில்லை.

"யார் அளந்தது?"

"மாலுமி நெடுங்கண்ணர்."

கல்லூரியின் மாலுமிப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள். நெடுங்கண்ணர் என்று யாருமே இல்லை.

"அப்போ பெருங்கண்ணரா இருக்கும்" என்றது சங்கு, கொஞ்சமும் கூசாமல்.

"நீ சொல்றதுல பாதி முத்து, பாதி கிளிஞ்சல். பிரிச்சு எடுக்கறது என் வேலை" என்றாள் நீலவேணி. துறையில் கிடந்த வள்ளம் என்ற சின்னப் படகை எடுத்தாள். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி, அதன் அடியில் மெழுகு தடவினாள். கீழே மணல் இருந்தால் மணல் ஒட்டிவரும், சேறு இருந்தால் சேறு ஒட்டிவரும்.

முதல் நாள் அளந்தாள். பனை சரி. இரண்டாம் நாள் அளந்தாள். பாறைக்கு இடப்பக்கம் இடுப்பளவு தண்ணீர்தான், மெழுகு முழுக்க மணல். மூன்றாம் நாள் கை தோலுரிந்து எரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் அளந்தாள். அடியில் சேறு, ஆழம் மூன்று ஆள்.

ஓலையின் கீழே இப்படி எழுதினாள்: "பனை, சங்கு சொன்னது, போய்ப் பார்த்தேன், சரி. இடப்பக்கம், சங்கு சொன்னது, அளந்தேன், தவறு. வலப்பக்கம், என் கயிறு சொன்னது."

கப்பல் வந்து முகத்துவாரத்துக்கு வெளியே நின்றது. ராஜா மூன்று ஓலைகளையும் பார்த்தார்.

"ரெண்டு பேர் இடதுங்கறாங்க, ஒருத்தி வலதுங்கறா. இடதே இருக்கட்டும். எழுதினவங்க போய் நில்லுங்க."

சாத்தப்பனுக்கு வயிற்றுவலி வந்தது. கோவிந்தவர்மனுக்கும் அதே வயிற்றுவலி. அதையும் சங்குதான் சொல்லிக்கொடுத்ததோ என்னவோ.

"அவங்க எழுதலை மகாராஜா, எழுதினது சங்கு" என்றாள் நீலவேணி. "அதுவே வந்து நிக்கட்டும். நானும் கூட நிக்கறேன்."

"சரி, அணியத்துல நிக்கறவங்க சொல்றபடியே கப்பல் திரும்பட்டும்" என்றார் ராஜா. நீலவேணி வள்ளத்தில் போய்க் கப்பலேறி, சங்கை அணியத்தில் கயிறு போட்டுக் கட்டினாள்.

"பாத்துடி" என்றாள் அம்மா.

"பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்மா."

பனைக்கு நேராகக் கப்பல் வந்தது. "சங்கே, இடதா, வலதா?" என்று கேட்டாள் நீலவேணி.

"இடது. மூணு ஆள் ஆழம்."

பாறை தெரிந்தது. "யார் அளந்தது?"

"நெடுங்கண்ணர்."

பாறை நெருங்கியது. "தப்பா இருந்தா முதல்ல நொறுங்கறது நீயும் நானும். இப்போ சொல்லு. இந்த வருஷம் அங்கே எவ்வளவு ஆழம்?"

சங்கின் குரல் முதல் தடவையாகத் தணிந்தது. 

"எனக்குத் தெரியாது."

"வலப்பக்கம் திருப்புங்கண்ணே" என்று நீலவேணி சுக்கான் பிடித்தவரிடம் சொன்னாள். முந்நூறு பேரும் கீறல் படாமல் துறை சேர்ந்தார்கள். அணியத்தைப் பார்த்தால், கட்டிய கயிற்றுக்குள் சங்குக்குப் பதிலாகத் தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"நான் மாலுமிம்மா. தெரியாத வழியைத் தெரியும்னு சொல்லி ஒரு கப்பலை மணல்ல ஏத்தினேன். தெரியாதுன்னு சொல்ற நாள் வரைக்கும் சங்காக் கிடன்னு கடல் சபிச்சுது. இருநூறு வருஷமா அந்த வார்த்தை வாயில வரலை."

ராஜா நீலவேணியைத் துறைமுகத்துக்குத் தலைவியாக்கினார். வயிற்றுவலிக்காரர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஈயக்குண்டு கொடுத்தாள் அவள். தாடிக்காரர் கல்லூரியிலேயே தங்கிவிட்டார். தெரிந்ததைச் சொல்வார், தெரியாததற்கு வள்ளத்தைக் காட்டுவார். பிள்ளைகளும், யார் சொன்னது, யார் அளந்தது என்று ஓலையின் அடியில் எழுதாமல் கொடுப்பதில்லை.

அந்தப் பாறைக்கு இந்த வருஷம் எந்தப் பக்கம் ஆழம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. வள்ளம் துறையில்தான் கிடக்கிறது.