நானூறு பச்சை

"மேடம், நானூறு தடவை அடிச்சுட்டேன். ஒரு தடவைகூட விழல. அப்புறம் ஏன் என் மனசு அடங்க மாட்டேங்குது?"

கேட்டவர் சவரிமுத்து. வயது ஐம்பத்தொன்று.

கேட்கப்பட்டவர் ரமீஜா. வயது முப்பத்திரண்டு.

திருச்சியில் அந்த மென்பொருள் கம்பெனியின் சோதனைக்கூடத்தில், சிஷ்யருக்குக் குருவைவிடப் பத்தொன்பது வயது கூட. கேண்டீனில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. சவரிமுத்து காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெரிந்தவரிடம்தானே கேட்க முடியும்?

அங்கே செய்த மென்பொருள், எதை எழுதினாலும் இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதும். ஒன்றில் ஓர் இடம் கெட்டுப்போனால் மற்றதிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

சவரிமுத்துவின் வேலை, அந்த ஓர் இடத்தைத் தானே கெடுத்துப் பார்ப்பது. அதைத்தான் அங்கே அடிப்பது என்பார்கள். மென்பொருள் சமாளித்தால் திரையில் பச்சை. தடுமாறினால் சிவப்பு.

அன்று மதியம் மூன்று மணிக்கு அது ஒரு ரத்த வங்கிக்குப் போகிறது. சவரிமுத்து கையெழுத்துப் போட்டால் கிளம்பிவிடும்.

"திரும்ப அடிங்க சார்" என்றார் ரமீஜா.

அடித்தார். நானூறும் பச்சை.

திரும்பி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"எல்லாம் பச்சை மேடம்."

"அப்ப கையெழுத்துப் போட்டுடுங்க."

"கிண்டல் பண்றீங்களா?"

"இல்ல சார். எல்லாம் பச்சைன்னா போடறதுதானே வழக்கம்?"

சவரிமுத்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். கை ஓடவில்லை. தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஊரெல்லாம் சரி என்கிறது, இந்தப் பாழாய்ப்போன மனசுக்கு மட்டும் என்ன கேடு?

"முடியல மேடம்."

ரமீஜா எழுந்தார். சோதனை மெஷின் முன்னால் போய் நின்றார். இரண்டு டிஸ்கில் ஒன்றை முறைப்படி நிறுத்தி, உருவி, மேஜைமேல் வைத்தார்.

"இப்ப அடிங்க."

"ஒத்த டிஸ்க்லயா? ஒண்ணுதானே இருக்கு?"

"அடிங்க சார்."

அடித்தார்.

ஒன்று பச்சை. பத்து பச்சை. நூறு பச்சை. நானூறும் பச்சை.

சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா மேடம்! ஒத்த டிஸ்க்லயே தாங்குது! நம்ம பசங்க எழுதினது சும்மாவா..."

ரமீஜா மேஜைப் பக்கம் திரும்பினார். உருவிய டிஸ்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சவரிமுத்துவும் அதைப் பார்த்தார்.

இருந்தது ஒரே டிஸ்க். அதைத்தான் கெடுத்தார். மாற்று இல்லை. அப்படியானால் மென்பொருள் எங்கிருந்து எடுத்துக் கொடுத்தது?



"அடி விழவே இல்ல மேடம்."

"எங்க அடிச்சீங்க?"

"கடைசில. டிஸ்க்கோட வால் பக்கம்."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது."

"தெரிஞ்சேவா அடிச்சீங்க?"

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி அது. மெஷினை நிறுத்திப் போட்டால் சில சமயம் டிஸ்குகளின் பெயர் இடம் மாறி உட்காரும். அது தெரியாமல், பழைய பெயரை நம்பி ஒரு நாள் அடித்துவிட்டார். அடி போய் விழுந்தது கூட வேலை பார்த்த யோகாம்பாளின் டிஸ்கில். மூன்று மாத வேலை போயிற்று. அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டோர் ரூமில் போய் அழுதுவிட்டு வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று சவரிமுத்து இன்றைக்கும் நினைக்கிறார். அன்றிலிருந்து காலி இடமாகப் பார்த்துத்தான் அடிப்பார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு பாத்தேன் மேடம்."

ரமீஜா உருவிய டிஸ்கைத் திரும்பச் செருகினார். இரண்டும் ஒன்றுபோல ஆக முக்கால் மணி நேரம் பிடித்தது. அந்த முக்கால் மணியும் சவரிமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி தண்ணீர் குடித்தார்.

ஒன்றேகாலுக்கு ரமீஜா மெஷினின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

"மெஷின் வைக்கற பேரை நம்ப வேணாம் சார். டிஸ்க் மேல ஒட்டியிருக்கற நம்பரைப் படிங்க."

சவரிமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். ரமீஜா திரையில் சரிபார்த்தார். பிறகு ரமீஜா படித்தார். சவரிமுத்து சரிபார்த்தார்.

"இந்த மெஷின் இப்ப தனி. உள்ள இருக்கற நோயாளிங்க பேரெல்லாம் நான் உக்காந்து எழுதினது. அதுல ஒருத்தரும் பொறக்கல."

"சரிங்க மேடம்."

"இப்ப அடிங்க. வால்ல இல்ல. வயித்துல."

மாணிக்கவல்லி என்று ஒரு பெயர் இருந்தது. ரத்த வகை பி நெகட்டிவ். ஒரு டிஸ்கில் மட்டும் சவரிமுத்து அதை ஏ பாசிட்டிவ் என்று கெடுத்தார். மற்ற டிஸ்கில் சரியானது பத்திரமாக இருந்தது. மென்பொருள் அதைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மாணிக்கவல்லிக்கு என்ன ரத்தம் என்று மென்பொருளைக் கேட்டார்.

ஏ பாசிட்டிவ் என்றது. கொஞ்சமும் தயங்கவில்லை.

திரை சிவந்தது.

சவரிமுத்து அன்று முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரமீஜா அவர் தோளருகே வந்து குனிந்தார்.

"பயப்படாதீங்க சார். மாணிக்கவல்லின்னு யாரும் இல்ல."

"தெரியும் மேடம்" என்றார் சவரிமுத்து. "மூணு மணிக்கு மேல இருந்திருப்பாங்க."