ஊஞ்சல் ஓலையின் ஏழாம் வரி

முன்பு எப்போதோ, பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பேர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், படியேற அலுத்துக்கொள்ளும் அரசர் ஒருவர் இருந்தார். அவருக்காகக் காளத்தி ஆசாரி ஒரு பொறி ஊஞ்சல் செய்து கொடுத்தார். அரசர் உட்கார்ந்தால் போதும். கீழே காவலர்கள் கயிறு இழுக்க, மேல்மாடம் போய்ச் சேர்ந்துவிடுவார். மொத்தம் ஏழு கயிறு. எப்போது எதை இழுப்பது என்று ஆசாரிக்கு மட்டுந்தான் தெரியும். காவலர்கள் "ஆசாரியாரே!" என்று கூப்பிடுவார்கள், அவரும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பட்டறைச் சன்னல் வழியாகப் பதில் சொல்வார்.

ஒருநாள் அவர் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ஊஞ்சல் பாதியில் நின்றுவிட்டது. அரசர் இரண்டு நாழிகை அந்தரத்தில் தொங்கினார். காக்கை ஒன்று மகுடத்தில் உட்கார்ந்து நிதானமாக இறகு கோதிவிட்டுப் போயிற்று. இறங்கியவருக்குக் கோபமென்றால் அப்படி ஒரு கோபம்.

"நாளைக்குள் இந்தப் பொறியின் சூட்சுமம் முழுவதும் ஓலையில் ஏற வேண்டும்! பத்தாம் நாள் சோதனை. அன்று ஆசாரி வாய் திறக்கக் கூடாது. ஊஞ்சல் நின்றால் அவர் நாட்டைவிட்டே போக வேண்டும்!"

அரசாங்க ஓலைகளுக்கெல்லாம் தலைவரான ஓலைநாயகம் எழுந்தார். விகடகவி பூவராகன் அரசரைச் சிரிக்க வைக்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும்.

"அரசே, பூவராகனையே இதற்குப் பொறுப்பாக்குங்கள். தவறினால் இருவரும் சேர்ந்தே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

பூவராகன் பட்டறைக்கு ஓடினான். "ஏன் ஆசாரியாரே, இத்தனை நாளா ஒரு வரி எழுதி வச்சா என்னவாம்?"

"எழுதலைன்னு யார் சொன்னது? ஊஞ்சல் செஞ்ச வருஷமே எழுதிக் குடுத்தேன். ஓலைநாயகம் அறையில ஆடுற நாற்காலிக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்காங்க, போய்ப் பாரு. வாயால சொன்னா, 'ஆசாரியாரே, நீங்கதான் தெய்வம்'னு கும்பிடுறாங்க. எழுதினதுக்கு எவனாவது ஒரு கொட்டைப்பாக்கு குடுத்தானா?"

பூவராகனுக்குச் சிரிப்பு வந்தது. ஆசாரியின் முகத்தைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது. "எழுத்தாணிய எடுங்க. இந்தத் தடவை நான் சொல்றதையும் கொஞ்சம் சேர்த்துக்கலாம்" என்றான்.

ஆறு வரி மளமளவென்று ஓடியது. ஏழாம் வரியில் ஆசாரி எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். "அடப்பாவி, தலை போயிடும்டா!"

"யாராவது படிச்சாத்தானே?"

மறுநாள் ஓலைநாயகம் ஓலைக்கட்டைக் கையில் வாங்கி, "நல்ல கனம்" என்று மெச்சி, 'சரிபார்த்தோம்' என்று எழுதினார். அரசர் அதிரசத்தைக் கடித்தபடியே முத்திரை பதித்தார். ஓலையை ஊஞ்சல் தூணில் தொங்கவிட்டார்கள். சோதனை நாள் வரைக்கும் காவலர்கள் அந்தத் தூணில் சாய்ந்துகொண்டே "ஆசாரியாரே!" என்று கூவினார்கள்.

பத்தாம் நாள் சபை கூடியது. அரசர் ஏறினார். சொல்லி வைத்தாற்போல் பாதியில் ஊஞ்சல் நின்றது.

"ஆசாரியாரே, எந்தக் கயிறு?" என்றார்கள் காவலர்கள். ஆசாரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, எந்தக் கயிறய்யா?" என்று ஓலைநாயகம் பதறினார். தூரத்தில் ஒரு காக்கை தெரிந்ததும், அரசரே மேலிருந்து அலறினார்: "ஆசாரியாரே! எந்தக் கயிறு?"

பூவராகன் பணிவாகக் குனிந்தான். "அரசே, அவர் வாய் திறக்கக் கூடாது என்பது தங்கள் ஆணை. விடை தூணில் தொங்குகிறது."

ஓலைநாயகம் கட்டைப் பிரித்து உரக்கப் படித்தார். "ஏழு: பாதியில் நின்றால் மூன்றாம் கயிற்றைத் தளர்த்தி, ஐந்தாம் கயிற்றை இழுக்கவும். இவ்வரியைச் சோதனை நாளுக்கு முன் படித்தவருக்கு அரசர் தம் முத்துமாலையைத் தருவார். ஒருவரும் படிக்காவிட்டால் மாலை எழுதியவருக்கே. படிக்காமல் சரிபார்த்தவர், ஒரு மாதம் பட்டறைச் சன்னலில் அமர்ந்து..." அவர் ஓலையைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "...கேட்பவர்க்கெல்லாம் பதில் சொல்லக் கடவர். இங்ஙனம், அரச முத்திரை."

எந்த ஊரில் போய்ப் பிழைப்பது என்று ஆசாரி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பூவராகனும் வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"நானா முத்திரை வைத்தேன்?" என்றார் அரசர்.

"அதிரசம் நன்றாயிருந்தது, அரசே" என்றான் பூவராகன்.

அரசர் சிரித்த சிரிப்பில் ஊஞ்சலே குலுங்கியது. முத்துமாலையைக் கழற்றி ஆசாரியின் மடியில் போட்டார். பட்டுச் சால்வையைப் பூவராகனை நோக்கி வீசினார். "இருவரும் எங்கும் போக வேண்டாம்! எழுதியதற்குக் கூலி இது, எழுத வைத்ததற்குக் கூலி அது!" மாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த ஆசாரிக்குக் கண்ணில் நீர் தளும்பியது.

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தார். "சரி, இறக்குங்கள். ஆசாரியாரே, எந்தக் கயிறு என்றீர்கள்?"

ஆசாரி ஒரு வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டு, ஓலைநாயகத்தைக் கைகாட்டினார்.

"இனிமே அவரைக் கேளுங்க, மகாராஜா."

ஓலைநாயகம் ஓலையை மறுபடி எடுத்து, இந்தத் தடவை ஒரு வரியும் விடாமல், முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.