அணில் வாங்கிய பொட்டலம்

ஒரு காட்டில், பிள்ளைகளே, எதற்கெடுத்தாலும் குழம்பிப்போகிற அணில் ஒன்று இருந்தது. சாப்பிட்டோமா இல்லையா என்று அதற்கு அடிக்கடி சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை சாப்பிட்டுவிடும். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பொட்டலம் கட்டும்போதுதான் அதன் பாடு திண்டாட்டம். கொட்டைகளைத் தேக்கிலையில் வைத்து மடிக்கும், நாரால் முடிச்சுப் போடும். கையை எடுத்ததும், "முடிச்சுப் போட்டோமா?" என்று யோசிக்கும். மறுபடியும் ஒன்று போடும். இன்னொன்றும் போடும். கடைசியில் பொட்டலத்தைவிட முடிச்சு பெரிதாகிவிடும். காடே அதைப் பார்த்துச் சிரிக்கும்.

சிரித்தால் என்ன? அந்த வருடம் அணிலின் பொந்து நிறையப் பொட்டலங்கள் இருந்தன. அதற்கு மூன்று குட்டிகள். மழை பிடித்துக்கொண்டால் வெளியே போய் இரை தேட முடியாது. மழைக்காலம் முழுக்கக் குட்டிகளுக்கு அந்தப் பொட்டலங்கள்தான் சோறு.

மழைக்குச் சற்று முன்னால் அந்தக் காட்டில் ஒரு விழா வரும். புலி விரதம் இருக்கும் நாட்கள் அவை. விரதம் முடியும்வரை புலி குகையை விட்டு வெளியே வராது. மற்ற பிராணிகள் பயமில்லாமல் ஊர் சுற்றும், விருந்து வைக்கும், ஒன்றை ஒன்று பார்த்து, "விழா வாழ்த்துகள்!" என்று கத்தும்.

விழாவின் முதல் நாள் காலையில் முயல் மூச்சு வாங்க ஓடிவந்தது.

"அணிலக்கா! இன்னும் கிளம்பலையா? ஆலமரத்தடியில நரி அண்ணன் கடை போட்டிருக்காரு. காடே அங்கதான் நிக்குது!"

"என்ன தம்பி விக்கிறாரு?"

"தெரியலைக்கா. ஆனா தீரப்போகுதாம்!"

"எது தீரப்போகுது?"

"எல்லாமே!"

"எங்கிட்டதான் பொந்து நிறைய இருக்கே?"

"அதுவும் தீர்ந்துட்டா?" என்று கேட்டுவிட்டு முயல் ஓடியேபோனது.

அணில் இதை யோசித்ததே இல்லை. குட்டிகளை எழுப்பி, மூன்றையும் இழுத்துக்கொண்டு ஆலமரத்தை நோக்கி அடித்துப் பிடித்து ஓடியது.

அங்கே வரிசை ஓடைக்கரை வரை நீண்டிருந்தது. அணிலுக்கு முன்னால் கரடி நின்றது.

"மாமா, இது எதுக்கு நிக்கிற வரிசை?" என்று அணில் கேட்டது.

"எனக்கு முன்னால மான் நிக்குது. அதனால நானும் நிக்கிறேன்," என்றது கரடி.

அணில் மானிடம் போய்க் கேட்டது. மான் குரங்கைக் காட்டியது. குரங்கிடம் கேட்டால், "எனக்குப் பின்னால இத்தனை பேரு நிக்கிறாங்களே, ஒண்ணும் இல்லாமலா நிப்பாங்க?" என்றது. அணில் திரும்பி வருவதற்குள் அதன் இடத்தில் பன்றி நின்றுகொண்டிருந்தது. பாவம், அணில் குட்டிகளோடு கடைசியில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

வெயில் ஏறியது. குட்டிகள் சிணுங்கின. சாயங்காலம்தான் அணிலின் முறை வந்தது.

"வாங்க, வாங்க!" என்று நரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. "காசெல்லாம் வேண்டாம் தங்கச்சி. என் வால்ல ஒட்டியிருக்கிற நெருஞ்சி முள்ளை எடுத்துவிடு, போதும்."

அணில் விரல் நோக நோக முள்ளெடுத்தது. நரி ஒரு தேக்கிலைப் பொட்டலத்தைத் தூக்கிக் கொடுத்தது. அதில் முடிச்சு மேல் முடிச்சு, அதன் மேலும் முடிச்சு.

"பாத்தீங்களாடா!" என்று அணில் குட்டிகளிடம் பூரித்துப்போய்ச் சொன்னது. "நம்ம மாதிரியே கட்டுறவங்க இன்னொருத்தர் இருக்காங்க. எல்லாரும் என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க!"

வீட்டுக்கு வந்து பார்த்தால் பொந்தில் பொட்டலங்கள் குறைந்திருந்தன.

அணில் தலையைச் சொறிந்தது. இவ்வளவுதான் இருந்ததா? அதிகம் இருந்ததாக நாம்தான் நினைத்துக்கொண்டோமா? நடுவில் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டோமா? ஒன்றும் புரியவில்லை. குறைந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. குறைந்ததால் வாங்க வேண்டும், வாங்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் குட்டிகளை எழுப்பி மறுபடியும் வரிசைக்கு ஓடியது.

அன்றும் ஒரு பொட்டலம் கிடைத்தது. வீட்டில் இன்னும் குறைந்திருந்தது.

"என் வளையிலயும் கிழங்கு குறையுதுக்கா," என்றது முயல். "விழான்னா அப்படித்தான். அதனாலதானே நாம தினமும் வாங்குறோம்!"

வாங்க வாங்க ஏன் குறைகிறது என்று அணில் கேட்கத்தான் நினைத்தது. ஆனால் எல்லாரும் இதையே செய்கிறார்களே, நமக்குத்தான் கணக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது பொந்தின் அடி தெரிந்தது. அணிலுக்கு அழுகை வந்துவிட்டது. மழை வந்தால் குட்டிகளுக்கு என்ன கொடுப்பது?

அப்போது அதற்கு ஒரு நினைப்பு வந்தது. அணிலின் பொந்து இருந்த மரத்தடியில், ஒரு வளையில், முள்ளம்பன்றி ஒன்று குடியிருந்தது. காடே கடையில் நிற்கும்போது அது மட்டும் வீட்டிலேயே இருந்தது! அணில் விறுவிறுவென்று கீழே இறங்கியது.

"முள்ளம்பன்றி அண்ணே! என் பொட்டலத்தையெல்லாம் நீங்கதானே எடுத்தீங்க?"

முள்ளம்பன்றி கிழங்கைக் கடித்தபடியே நிமிர்ந்து மரத்தைப் பார்த்தது. பிறகு தன் குட்டைக் கால்களைப் பார்த்தது. "எனக்கு மரமேறத் தெரியாதேம்மா," என்றது.

அணில் அதை மறந்துவிட்டிருந்தது.

"அப்போ ஏன் நீங்க கடைக்கு வரலை?"

"கூட்டத்துல என் முள்ளு யாரையாவது குத்திடும். திட்டுவாங்க. எதுக்கு வம்புன்னு வீட்டுல இருக்கிறதையே தின்னுட்டுக் கிடக்கிறேன்."

"உங்க வீட்டுல குறையலையா?"

"தின்ன அளவுக்குக் குறைஞ்சுது," என்றது முள்ளம்பன்றி.

இது அணிலை இன்னும் குழப்பிவிட்டது. தின்ன அளவுக்குத்தான் குறையும் என்றால், தன் வீட்டில் தின்றது யார்? மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே ஏறிப் படுத்தது. தூக்கமே வரவில்லை.

காலையில் வழக்கம்போல் குட்டிகளை எழுப்பியது. கடைக்குட்டி எழவில்லை.

"கால் வலிக்குதும்மா. நான் வரிசைக்கு வரமாட்டேன்."

"கண்ணு, தீர்ந்துடும்டா."

"தீர்ந்தா தீரட்டும். எனக்கு இப்பவே பசிக்குது. அதோ அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுக் கொடும்மா."

பொந்தில் இருந்தது மொத்தமே இரண்டு பொட்டலம். ஒன்று வீட்டில் கட்டியதில் மிஞ்சியது. மற்றது முந்தின நாள் கடையில் வாங்கியது. அணிலுக்கு மனசு கேட்கவில்லை. கடைக்குப் போகாமல் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது. அது அவிழ்கிற முடிச்சா? ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று வந்தது.

அவிழ்த்துக்கொண்டே இருக்கும்போது பொந்தின் வாசலில் எலி ஒன்று தலையை நீட்டியது. அதன் முதுகில் ஒரு காலிச் சாக்கு.

"அடடே, அணிலக்கா! இன்னும் வரிசைக்குப் போகலையா?"

"இல்லப்பா. குட்டிக்குக் கால் வலி."

"போங்கக்கா, சீக்கிரம் போங்க. தீர்ந்துடும்!"

"நீ எங்கப்பா இந்தப் பக்கம்?"

"நானா? நரி அண்ணன் கடைக்குச் சரக்கு எடுக்க வந்தேன்," என்றது எலி. சொன்ன பிறகுதான் அதற்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"கடைச் சரக்கு என் வீட்டுல எதுக்கு இருக்கு?" என்று அணில் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டது.

எலி சாக்கைப் போட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவியது. கீழே வெயில் காய்ந்துகொண்டிருந்த முள்ளம்பன்றியின் முதுகில் போய் விழுந்தது. "ஐயோ! அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடியது.

"கூட்டத்துக்குப் போகாமலே குத்திட்டேனா?" என்று முள்ளம்பன்றி வருத்தப்பட்டது.

அணில் இரண்டு பொட்டலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வீட்டுப் பொட்டலத்தில் முடிச்சு மேல் முடிச்சு. கடைப் பொட்டலத்திலும் அதே முடிச்சு, அதே நார். இத்தனை நாளும் அது வரிசையில் நின்று, நரியின் வாலில் முள்ளெடுத்து, வாங்கி வந்தது தன் குட்டிகளின் சோற்றைத்தான்!

அணிலுக்கு வந்ததே கோபம்! குட்டிகளை முள்ளம்பன்றியிடம் விட்டுவிட்டு, இரண்டு பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு ஆலமரத்துக்குப் பறந்தது.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று கத்தியது. "கடையில இருக்கிறது நம்ம வீட்டுச் சரக்கு! நாம இங்க நிக்கிற நேரத்துல எலி நம்ம வீட்டுலயிருந்து தூக்கிட்டு வருது!"

"வீட்டுக்குப் போனா என் இடம் போயிடும்," என்றது மான்.

"நடுவுல புகுந்து வாங்கப் பாக்குறீங்களாக்கா?" என்றது முயல்.

"வரிசையில வா! வரிசையில வா!" என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினால் அணில் வழக்கமாகப் பயந்து தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். அன்றும் கொஞ்சம் பயந்தது. கையிலிருந்த முடிச்சுகளைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக அதற்குச் சந்தேகம் வரவில்லை.

அந்த நேரம் கரடிதான் கடை வாசலில் நின்றது. நரி அதற்கு ஒரு பெரிய தேனடையைக் கொடுத்தது.

"மாமா, இந்தக் காட்டுல தேன் எடுக்கிறது யாரு?" என்று அணில் கேட்டது.

"வேற யாரு? நான்தான்," என்று கரடி பெருமையாகச் சொன்னது.

"நீங்க மட்டும்தானா?"

"நான் மட்டும்தான்!"

"அப்போ நரி அண்ணனுக்கு இந்தத் தேனடை எங்கேயிருந்து வந்துச்சு?"

கரடி தேனடையைப் பார்த்தது. நரியைப் பார்த்தது. மறுபடியும் தேனடையைப் பார்த்தது.

"வெளியூர்ச் சரக்கும்மா!" என்று நரி அவசரமாகச் சொன்னது.

"வெளியூர்த் தேன்ல என் முடி எப்படி ஒட்டுச்சு?" என்றது கரடி. தேனடையில் கறுப்பு முடி ஒட்டியிருந்தது.

"அங்கேயும் கரடி இருக்கும்ல?"

"இருக்கட்டும் அண்ணே," என்று அணில் இரண்டு பொட்டலங்களையும் தூக்கிக் காட்டியது. "அங்கே அணிலும் இருக்கட்டும். இப்படி முடிச்சுப் போடுற அணில் வேற எந்த ஊர்ல இருக்கு?"

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. அந்த முடிச்சைத் தெரியாதவர்கள் காட்டில் யார்? இத்தனை வருடம் அதைப் பார்த்துத்தானே சிரித்தார்கள்! முயல் தான் வாங்கிய கிழங்கைத் திருப்பிப் பார்த்தது. தன் வளையின் செம்மண் அதில் அப்படியே இருந்தது.

"ஐயோ, என் வீடு!" என்று அது கத்தியதுதான் தாமதம், வரிசை உடைந்தது. பாதிப் பேர் வீட்டுக்கு ஓடினார்கள். பாதிப் பேர் கடைக்குள் பாய்ந்தார்கள். நரி புதருக்குள் குதித்து மறைந்தது. வாலில் மறுபடியும் முள் ஒட்டியது. இந்த முறை எடுத்துவிட ஆள் இல்லை.

கடைக்குள் யாருடைய சரக்கு எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "இது என் கிழங்கு!" "இல்லை, என் கிழங்கு!" என்று ஒரே சண்டை. அணிலின் பொட்டலங்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன. அவற்றை யாரும் தொடவில்லை. முயலிடம் ஒரு சாக்கு இரவல் வாங்கி அவ்வளவையும் அணில் வீட்டுக்கு இழுத்துவந்தது. பொந்து மறுபடியும் நிறைந்தது.

விழாவின் கடைசி நாள் அவரவர் வீட்டில் அவரவர் சாப்பிட்டார்கள். அணில் கொட்டைகளோடு கீழே இறங்கி வந்து, முள்ளம்பன்றியின் கிழங்கையும் சேர்த்துக் குட்டிகளுக்குப் பரிமாறியது. மிச்சத்தைக் கட்டி வைத்தது. கட்டினோமா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு முடிச்சுப் போட்டது.

தூரத்தில் நரியின் குரல் கேட்டது. "கடைசி நாள்! தீரப்போகுது! ஓடி வாங்க!"

"என்னம்மா தீரப்போகுது அங்கே?" என்று கடைக்குட்டி கேட்டது.

அணில் ஒரு கொட்டையை உடைத்து அதன் கையில் வைத்தது. "அங்கே இருந்ததே நம்மதுதானேடா. அது இப்போ இங்கே இருக்கு. நீ சாப்பிடு."

ஆலமரத்தடியில் ஈ, காக்கை கூட இல்லை. முதுகில் முள் குத்திய எலி மட்டும் நொண்டி நொண்டி வந்து கடை முன்னால் நின்றது.

"வாங்க, வாங்க! என்ன வேணும்?" என்று நரி பழக்க தோஷத்தில் கேட்டது.

"பசிக்குதுண்ணே. நமக்குச் சாப்பிட ஏதாவது இருக்கா?"

நரி திரும்பிக் கடையைப் பார்த்தது. ஒன்றும் இல்லை. தன் வீட்டை நினைத்துப் பார்த்தது. அங்கே எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கடையை விட்டு இறங்கி வந்து, எலிக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டது.

நீதி: வீட்டில் இருப்பதைப் பார்க்காமல் கூட்டத்தின் பின்னால் ஓடுகிறவர், தன் வீட்டுச் சோற்றையே விலை கொடுத்து வாங்குவார்.